ட்ரோபோனின் கார்டில் ஒரே கோடு: நெஞ்சு வலிக்காரரை வீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி, மார்ச் 3, இரவு 9.40

எங்க பி.எச்.சி.க்கு ட்ரோபோனின் கார்டு வந்திருக்கு. ரெண்டு மூணு சொட்டு ரத்தம், 15 நிமிஷம், ரிசல்ட். நெஞ்சு வலின்னு வர்றவங்கள்ல முக்கால்வாசி வாயுவும் தசைப் பிடிப்பும்தான். கார்டுல ஒரே கோடு வந்து நெகட்டிவ்னா "ஹார்ட் அட்டாக் இல்லை"ன்னு ஓ.பி. சீட்டில் எழுதி அனுப்பிடலாம்தானே? 108-க்கு ஒரு வெட்டி ஓட்டம் மிச்சம்.

பதில், மார்ச் 3, இரவு 10.15

எழுதக் கூடாது. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பது உங்கள் கேள்வியில் எங்குமே இல்லை. அந்த நேரம் தெரியாமல் கார்டைப் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான்.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை செத்தால்தான் ரத்தத்துக்கு வரும், வருவதற்கும் நேரம் எடுக்கும். பழைய தலைமுறைப் பரிசோதனைகளில் வலி தொடங்கி 3, 4 மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். உச்சிக்குப் போக 12 முதல் 24 மணி நேரம். பிறகு மெதுவாக இறங்கும். பரிசோதிப்பது இரண்டு வகை, ஐ, டி: ட்ரோபோனின் ஐ ஒரு வாரம், பத்து நாள், டி இரண்டு வாரம் வரை கூட. மாலை 6 மணிக்கு வலி வந்து 7 மணிக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய அட்டாக்காகவே இருந்தாலும் கார்டு நெகட்டிவாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பதில், மார்ச் 3, இரவு 10.30

முக்கியமானதை விட்டுவிட்டேன். முதலில் ஈசிஜி, ஆள் உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள். அதில் எஸ்.டி. (அலைக்கோட்டில் அட்டாக்கைக் காட்டிக்கொடுக்கும் பகுதி) ஏறியிருந்தால் கார்டைப் பிரிக்கவே வேண்டாம். கார்டுக்காகக் காத்திருக்கும் 15 நிமிடமும் தசை செத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர், மார்ச் 4, காலை 7.20

சரி டாக்டர். ஆனா பெட்டியில "கட்-ஆஃப் 0.5"ன்னு போட்டிருக்கு. பெரிய லேப் ரிப்போர்ட்ல 14, 26-ன்னெல்லாம் வருது. எங்க கார்டு அப்போ ரொம்ப நுணுக்கமானதுதானே?

பதில், மார்ச் 4, காலை 8.05

நேர்மாறு. அலகைப் பாருங்கள். பெட்டியில் இருப்பது மில்லி லிட்டருக்கு நானோகிராம். லேப் ரிப்போர்ட்டில் இருப்பது லிட்டருக்கு நானோகிராம். முன்னதை ஆயிரத்தால் பெருக்கினால் பின்னது. உங்கள் 0.5 என்பது அங்கே 500.

மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் ஹை-சென்சிட்டிவ் லேப் பரிசோதனையில் ட்ரோபோனின் டி-க்கு எல்லை 14. அபாட் கம்பெனியின் ட்ரோபோனின் ஐ-க்கு மொத்தமாக 26. பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34 எனப் பிரித்தும் சொல்வார்கள். 26-க்கு மேல் போனாலே லேப் உஷாராகும். உங்கள் கார்டு 500 வரைக்கும் வாயைத் திறக்காது. நடுவில் இருக்கும் அத்தனை பேரும், 60, 150, 400 என்று இருப்பவர்கள் எல்லாரும், கார்டில் "நெகட்டிவ்". உங்கள் 0.5-ஐயும் லேப்பின் 14-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு யாரும் முடிவெடுக்காமல் இருந்தால் சரி.

ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்து அனுப்பிவிடலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது ஹை-சென்சிட்டிவ் லேப் பரிசோதனைக்கு மட்டும். கோடு மட்டும் காட்டும் கார்டில் முதல் எண்ணே கிடையாது, வித்தியாசத்தை எங்கே போய்க் கணக்கிடுவது?

பதில், மார்ச் 5, பிற்பகல் 2.10

கார்டு போடும் முறை. தப்பு நடப்பதில் பாதி இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாக.

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். குளிர்ந்த கார்டைப் பிரித்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும், ஓட்டம் கெடும். பிரித்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். காலையில் நாலு கார்டைப் பிரித்து டிரேயில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

பெட்டியில் 2 முதல் 30 டிகிரி என்று இருக்கும். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் ரூம் 30-ல் நிற்குமா? தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் இதை வைக்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். லேப் ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் கார்டு போச்சு.

கார்டு சமதளத்தில் இருக்கட்டும். எத்தனை சொட்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலதில் சீரம் 2 சொட்டு, முழு ரத்தம் என்றால் 3 சொட்டும் ஒரு சொட்டு பஃபரும். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்து, அதையே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த சப்ளையில் வேறு கம்பெனி வந்தால் அட்டையை மாற்ற வேண்டும். மாற்ற மறப்பதுதான் வழக்கம். டிராப்பரைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டு சிறுத்துவிடும், குமிழி வந்தால் அளவே தப்பு.

டைமர் வையுங்கள். தாளில் 10 நிமிடம் என்றால் 10-ல், 15 என்றால் 15-ல் படியுங்கள். 20 நிமிடம் தாண்டிப் படிக்காதீர்கள். அரை மணி கழித்து, காய்ந்த கார்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். அது கணக்கில் வராது. ஆனால் உரிய நேரத்துக்குள், ட்யூப்லைட்டுக்குக் கீழே கார்டைச் சற்றுச் சாய்த்தால் மட்டும் தெரிகிற இளஞ்சிவப்புச் சாயல் இருக்கிறதே, அது பாசிட்டிவ்தான். "லேசாத்தான் இருக்கு, விட்ருங்க" என்பது கிடையாது. 500-ஐத் தாண்டினால்தான் அந்தச் சாயலே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எப்போதும் வர வேண்டிய முதல் கோடு, அதாவது கன்ட்ரோல் கோடு, வரவில்லை என்றால் கார்டு செல்லாது, வேறு கார்டு. கன்ட்ரோல் கோடு வந்துவிட்டதால் கார்டு வெயிலில் கெடவில்லை என்றும் ஆகாது. திரவம் ஓடியது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

பதில், மார்ச் 5, மாலை 6.45

ட்யூப் பற்றி இருவர் தனியாகக் கேட்டார்கள். எந்த நிற மூடி என்பதையும் அந்தத் தாள்தான் சொல்லும். ரத்தம் உறையாமல் தடுக்க ட்யூபில் போடும் மருந்தில் ஹெப்பாரின் மட்டும் ஏற்கும் கருவிகள் உண்டு, ஈ.டி.டி.ஏ. ஏற்பவையும் உண்டு. ரத்தத்தில் ட்ரோபோனின் ஐ பெரும்பாலும் ட்ரோபோனின் சி என்ற கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்தே சுற்றும். அந்தப் பிணைப்புக்குக் கால்சியம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கிவிடும். அதனால் சில பரிசோதனைகளில் அளவு மாறும். சிட்ரேட் ட்யூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம், ரத்தம் நீர்த்துவிடும், வேண்டாம். சீரம் எடுப்பதானால் முழுசாக உறைய விடுங்கள். அவசரத்தில் அரைகுறையாக உறைந்ததை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் ஃபைப்ரின் நூல் மிதக்கும், அது கார்டின் வாயை அடைக்கும். அட்டாக் சந்தேகத்தில் உறைவதற்கு உட்கார்ந்திருப்பதை விட முழு ரத்தம் ஏற்கும் கார்டே மேல்.

பதில், மார்ச் 7, இரவு 9.30

"அப்போ கார்டு எதுக்குத்தான் சார்?" என்று ஒரு கேள்வி. நியாயமான எரிச்சல்.

தாமதமாக வருபவர்களுக்கு. நேற்று ராத்திரி வியர்த்துக் கொட்டி நெஞ்சை அழுத்தியது, வண்டி கிடைக்கவில்லை, சோடா குடித்துப் படுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை என்று காலை 10 மணிக்கு வருபவர். ஈசிஜியில் பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்குக் கார்டில் இரண்டாவது கோடு வந்தால் அது பேசும். "பரவாயில்லையே, ஊருக்குப் போய் நாளைக்கு வரேன்" என்பவரை 108-ல் ஏற்ற அந்தக் கோட்டைக் காட்டினால் போதும். சர்க்கரை நோயாளி, வயதான பெண்மணி, வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, மேல் வயிற்று எரிச்சல் என்று வருபவர், இவர்களுக்கும் அதே.

ஆக, இந்தக் கார்டு ஆளை உள்ளே இழுக்க உதவும், வெளியே அனுப்ப உதவாது.

பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியிலும் நேரத்தை வைத்தே பிரிக்கிறார்கள். வலி இப்போது இருந்தாலோ, கடந்த 12 மணி நேரத்துக்குள் வந்து ஈசிஜி மாறியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. 12 முதல் 72 மணி நேரம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். 72 தாண்டியிருந்தால்தான் குடும்ப மருத்துவரிடமே ஈசிஜியும் ட்ரோபோனினும். அங்கே அவர்கள் சொல்வது லேப் ட்ரோபோனின். மூன்று நாள் கழித்துச் சின்ன அட்டாக்கின் அளவு 500-க்குக் கீழே இறங்கியிருக்கலாம், ஆகவே அந்த மூன்றாவது வகையைக் கார்டை நம்பிக் கடன் வாங்க முடியாது.

பதில், மார்ச் 8, காலை 11.00

ஒரு மனக்கணக்கு. இவை ஆய்விலிருந்து எடுத்த எண்கள் இல்லை, கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோடு 100 பேர், அவர்களில் 5 பேருக்கு உண்மையான அட்டாக். சீக்கிரம் வந்தவர்கள் என்பதால் கார்டு ஐந்தில் இரண்டைத்தான் பிடிக்கிறது. மற்ற 95 பேரில் 3 பேருக்குத் தவறாகக் கோடு காட்டுகிறது. பாசிட்டிவ் 5, அதில் உண்மை 2. நெகட்டிவ் 95, அதில் ஒளிந்திருக்கும் அட்டாக் 3. போடுவதற்கு முன் நூற்றுக்கு 5 ஆக இருந்த பயம், போட்டு நெகட்டிவ் வந்த பிறகு நூற்றுக்கு 3. இவ்வளவுக்குத்தான் "ஹார்ட் அட்டாக் இல்லை" என்று எழுதப் போனோம்.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு, மார்பர்க் ஸ்கோர். குடும்ப மருத்துவர்களிடம் வருபவர்களை வைத்தே ஜெர்மனியில் உருவாக்கியது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி: ஆண் 55 அல்லது பெண் 65 வயதைத் தொட்டவரா, ஏற்கெனவே ரத்தக் குழாய் நோய் உண்டா, நடந்தால் ஏறினால் வலி கூடுகிறதா, நெஞ்சை அழுத்திப் பார்த்தால் அந்த வலி வராமல் இருக்கிறதா, "இது ஹார்ட்டுதான்" என்று அவரே நினைக்கிறாரா. 2 வரை குறைந்த ஆபத்து, 3 நடுத்தரம், 4, 5 அதிகம். கடைசிக் கேள்வி எனக்குப் பிடிக்கும். நம் ஊரில் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கும், "கேஸ் டிரபிள்தான் சார், ஒண்ணுமில்ல" என்று அடித்துச் சொல்பவர்களே அதிகம்.

திருத்தம், அதே நாள் பகல் 12.20: இந்த ஸ்கோரும் ஈசிஜிக்கு மாற்று இல்லை. வலி இப்போது இருக்கிறது, வியர்க்கிறது, பி.பி. குறைகிறது என்றால் ஸ்கோர் 0 வந்தாலும் அனுப்புங்கள்.

பதில், மார்ச் 10, இரவு 8.15

கோடு வந்தால் அட்டாக் என்றும் ஆகிவிடாது. தசைக்கு அடிபட்டது என்றுதான் ட்ரோபோனின் சொல்லும், ஏன் என்று சொல்லாது. மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை அழற்சி), நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி, செப்சிஸ் (உடல் முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று), இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, எல்லாவற்றிலும் ஏறும். கிராமத்துப் பக்கம் செந்தேள் கடி: கடித்த சில மணி நேரத்தில் வியர்வை, கை கால் சில்லிடல், நுரையீரலில் நீர், ட்ரோபோனினும் ஏறும். அங்கே மருந்து பிரசோசின், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இல்லை. முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் இருக்கும் சில எதிர்ப்புரதங்கள் கார்டை ஏமாற்றிக் கோடு போடவைப்பதும் உண்டு.

எதுவானாலும் ஆளை அனுப்பத்தான் போகிறோம். சீட்டில் "எம்.ஐ." (ஹார்ட் அட்டாக்) என்று தீர்ப்பு எழுதாமல் "ட்ரோபோனின் பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவர் யோசிக்க இடமிருக்கும்.

கேள்வி கேட்டவர், மார்ச் 10, இரவு 9.00

எங்க லேப்ல ஐயா ஒருத்தர், "சி.கே.-எம்.பி. பார்த்தா போதும், ட்ராப்-டி எதுக்கு"ங்கிறாரு.

பதில், மார்ச் 10, இரவு 9.25

சி.கே. தசையில் இருக்கும் நொதி, சி.கே.-எம்.பி. அதில் இதயத்தில் அதிகம் இருக்கும் வகை. அவர் ரிப்போர்ட்டில் மொத்த சி.கே.யை விட சி.கே.-எம்.பி. அதிகமாக வந்திருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன லேப் முறையில் இந்த நொதியின் எம் பங்கை அடக்கிவிட்டு, மிச்சமிருக்கும் பி பங்கை இரண்டால் பெருக்குவார்கள். மேக்ரோ-சி.கே. (ரத்தத்தில் கட்டியாகச் சேர்ந்து நிற்கும் சி.கே.) இருப்பவருக்கு வீட்டை விடத் திண்ணை பெரிதாக வந்து நிற்கும்.

அப்புறம், ஊரே "ட்ராப்-டி" என்கிறது. உங்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ட்ரோபோனின் ஐ. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். சீட்டில் ஐ-யா டி-யா என்று சரியாக எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் டி எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஏறியதா இறங்கியதா என்று ஒருவருக்கும் புரியாது.

பதில், மார்ச் 12, பிற்பகல் 3.30

மாத்திரை. இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் பி.எச்.சி.யிலும் துணை சுகாதார நிலையத்திலும் லோடிங் டோஸ் (முதலில் ஒரே தடவையாகக் கொடுக்கும் அளவு) இருக்கிறது: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. மொத்தம் 14. வாந்தி வருகிறது என்பவர் கையில் 14 மாத்திரையைக் கொட்டினால் மிரண்டுவிடுவார். ஆஸ்பிரின் இரண்டையும் முதலில் மென்று தின்னச் சொல்லுங்கள், மற்றவை பின்னால். நெஞ்சு வலி என்றால் எல்லாருக்கும் உடனே கொடுத்துவிடலாம்.

திருத்தம், மார்ச் 12, மாலை 5.00: "எல்லாருக்கும் உடனே" என்று எழுதியது தப்பு. கொடுக்கும் முன் மூன்று விஷயம். ஆஸ்பிரின் ஒவ்வாமை. கருப்பாக மலம், ரத்த வாந்தி. மூன்றாவது, முதுகுக்குக் கிழிந்து ஊடுருவும் வலியும் இரு கைகளிலும் வெவ்வேறு பி.பி.யும்: அது மகாதமனிக் கிழிசலாக இருக்கலாம், ஆஸ்பிரின் அங்கே கெடுதல். கரைக்கும் ஊசி போடப்போகும் 75 வயது தாண்டியவருக்குக் குளோபிடோக்ரெல் 4 இல்லை, ஒன்றுதான். பி.பி. குறைந்திருந்தால், வலப்பக்க இதயம் பாதித்த சந்தேகம் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில் சாப்பிட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும், ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வேண்டாம். அந்தக் கேள்வியை மனைவி முன்னால் கேட்டால் உண்மை வராது, தனியாகக் கேளுங்கள்.

பதில், மார்ச் 13, காலை 6.50

கோபமாகவே எழுதுகிறேன். நெஞ்சு வலிக்கு இடுப்பில் டைக்ளோ ஊசி. இது நிற்கவே மாட்டேன் என்கிறது. அட்டாக்கில் அந்த வகை வலி மருந்தே கெடுதல். தசையில் ஊசி குத்தினால் சி.கே. ஏறும். ஒரு மணி நேரம் கழித்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் அந்தக் குத்தின இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எதுவாக இருந்தாலும் நரம்பு வழி, இடது முழங்கைப் பக்கம். வலது மணிக்கட்டைத் தொடாதீர்கள், ஆஞ்சியோ அந்த வழியாகத்தான் போகப் பார்ப்பார்கள்.

ஜெலுசில் குடித்து வலி குறைந்தால் வாயு, சார்பிட்ரேட்டில் குறைந்தால் இதயம் என்ற கணக்கும் செல்லாது. இரண்டும் இரண்டிலும் நடக்கும்.

பதில், மார்ச் 16, இரவு 10.05

ஈசிஜி பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டேன், அது சரியில்லை. நெஞ்சில் ஒட்டும் லீடுகளில் வி1, வி2 நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாவதில் ஒட்டிவிடுகிறார்கள், அங்கே இல்லாத மாற்றமெல்லாம் தெரியும். லீட் 1 முழுக்கத் தலைகீழாக இருந்தால் கை வயர்கள் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெஷின் மேலே அச்சடிக்கும் "நார்மல்" என்ற சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்.

எஸ்.டி. ஏற்றம் அடுத்தடுத்த இரண்டு லீடில் 1 மி.மீ. போதும். வி2, வி3-ல் மட்டும் எல்லை வேறு: 40 தாண்டிய ஆணுக்கு 2, அதற்குக் கீழ் 2.5, பெண்ணுக்கு 1.5. வி1 முதல் வி3 வரை இறங்கியிருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 போட்டுப் பாருங்கள், அங்கே அரை மி.மீ. ஏற்றமே போதும். கீழ்ப்பக்க அட்டாக் என்றால் வலது பக்கம் வி4 ஒன்று. முதல் ஈசிஜி நன்றாக இருந்து வலி நிற்கவில்லை என்றால் 15 நிமிடத்தில் மறுபடி. கார்டு ஓடும் அந்த 15 நிமிடத்தைச் சும்மா கழிக்காமல் இதற்குப் பயன்படுத்தலாம்.

வாட்ஸாப்பில் அனுப்பும் போது தாளை மேசையில் விரித்து நேர் மேலே இருந்து எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். ஓரத்தில் இருக்கும் 10 மி.மீ. கட்டம் படத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் உயரத்தை எதை வைத்து அளப்பது?

எஸ்.டி. ஏறியிருந்து, ஆஞ்சியோபிளாஸ்டி வசதி 120 நிமிடத்துக்குள் எட்டாது என்றால் அருகில் இருக்கும் ஜி.எச்.சில் கரைக்கும் ஊசி, அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையத்தோடு கோர்த்து இதைச் செய்து பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது, ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியிருந்தது. ட்ரோபோனினால் வந்த இறக்கம் இல்லை அது. ஈசிஜி, ஃபோன், வண்டி.

பதில், மார்ச் 19, மாலை 7.40

கையடக்கக் கருவி வாங்கலாமா என்று தனியார் கிளினிக் நடத்தும் ஒருவர். எண் காட்டும் கருவி கார்டை விட எவ்வளவோ மேல். ரோஷ் கோபாஸ் எச்232 ஹெப்பாரின் ரத்தம் 150 மைக்ரோலிட்டரில் 12 நிமிடத்தில் சொல்லும், ஆனால் அது ஹை-சென்சிட்டிவ் வகை இல்லை. சீமென்ஸ் வி.டி.எல்.ஐ. விரல் நுனி ரத்தத்திலேயே 8 நிமிடத்தில் ஹை-சென்சிட்டிவ் எண் தரும். அப்படி ஒன்று கையில் இருந்தால் நான் மார்ச் 7-ல் எழுதிய "வெளியே அனுப்ப உதவாது" என்பதைக் கொஞ்சம் தளர்த்தலாம்: வலி தொடங்கி 3 மணி நேரம் தாண்டி, ஈசிஜி சுத்தமாக இருந்து, எண் மிக மிகக் குறைவு என்றால். எந்த எண் "மிகக் குறைவு" என்பது கருவிக்குக் கருவி வேறு, இன்னொன்றின் எண்ணை இதற்குப் போடக் கூடாது. மாதத்துக்கு நாலு நெஞ்சு வலி வரும் கிளினிக்கில் கார்ட்ரிட்ஜ் தேதி முடிந்து குப்பைக்குத்தான் போகும், அதையும் யோசியுங்கள்.

கேள்வி கேட்டவர், மார்ச் 22, இரவு 8.30

இன்னைக்கு அனுப்பின சீட்டு இப்படி எழுதினேன், சரியா பாருங்க டாக்டர்: "நெஞ்சு வலி. ஈசிஜி நார்மல். ட்ராப்-டி நெகட்டிவ். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது."

பதில், மார்ச் 22, இரவு 8.50

அனுப்பினீர்களே, அதுவே பாதி. இதைப் படிக்கும் இரவு ட்யூட்டி டாக்டர் "ரெண்டும் நார்மல், அப்புறம் எதுக்கு அனுப்பினாங்க" என்று காலை வரை பெஞ்சில் உட்கார வைப்பார். நேரம் எங்கே? இப்படி எழுதியிருக்கலாம்:

"வலி தொடக்கம் மாலை 5.10. இங்கே வந்தது 6.30. ஈசிஜி 6.36, 6.52: எஸ்.டி. மாற்றம் இல்லை, நகல் இணைப்பு. ட்ரோபோனின் ஐ கார்டு, எல்லை 0.5 நானோகிராம்/மி.லி., 6.55-ல் இரண்டாவது கோடு இல்லை. வலி தொடங்கி 1 மணி 45 நிமிடம்தான், மறுபடி எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் 300 மி.கி. 6.40. தசை ஊசி போடவில்லை."

கேள்வி கேட்டவர், மார்ச் 22, இரவு 9.10

நேரம் கேட்டு வைக்கலை டாக்டர். அவர் பையனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டு ஜி.எச்.சுக்குச் சொல்லிடறேன்.

பதில், மார்ச் 22, இரவு 9.12

இப்பவே போடுங்க.